கரண்டி இல்லாத கிண்ணம்

அவன் கழுவி அடுக்கிய கேரட்டுகளில் அவள் சேறு பூசிக்கொண்டிருந்தாள்.

முதல் பார்வை இப்படித்தான் நிகழ்ந்தது. காதல் கதைகளில் இந்த இடத்தில் வழக்கமாக ஒரு தென்றல் வரும். அன்று மழை வந்திருந்தது. அதுவும் உணவகத்தின் பின்புறத் தகரக் கூரைமேல், யாரோ பாத்திரக்கடையைக் காலி செய்வதுபோல்...

குழாயடியிலிருந்து இரண்டாவது கூடையைத் தூக்கிக்கொண்டு வந்த செஃப், அப்படியே நின்றான்.

"ஏங்க... என்ன பண்றீங்க?"

"பாத்தா தெரியல? மண்ணு பூசறேன்."

"காலையிலேர்ந்து உக்காந்து கழுவியிருக்கேங்க!"

"அதான் பிரச்சினையே. யாரு உங்கள கழுவச் சொன்னது?"

அவள் நிமிர்ந்தாள். பெரிய கண்கள்... கறுப்பு... இமை நுனியில் ஒரு மழைத்துளி. எழுதுகிறவர்கள் அதை முத்து என்பார்கள். அவள் அதைப் புறங்கையால் துடைத்தாள். புறங்கையில் இருந்த சேறு கன்னத்துக்கு இடம் மாறியது.

"பத்திரிகைலேர்ந்து வந்திருக்கோம். படம் எடுக்க. தட்டு, கிண்ணம், காய்கறி எல்லாத்தையும் கேமராவுக்கு முன்னாடி அழகா வெக்கிறது என் வேலை. கழுவின கேரட்ட வெச்சா கடையில வாங்கின மாதிரி இருக்கும்."

"இது எங்க அக்கா தோட்டத்துக் கேரட்!"

"அது உங்களுக்குத் தெரியும். படத்துக்குத் தெரியுமா?"

அவன் கேரட்டைப் பார்த்தான். பதில் இல்லாத ஆண்கள் செய்வதைப்போல வேறு கேள்விக்குத் தாவினான்.

"இந்த மண்ண எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"வாசல்ல பூந்தொட்டி இருக்கே, அதுலேர்ந்து. தோட்டத்து மண்ணத்தான் நீங்க குழாயடியில கரைச்சு விட்டுட்டீங்களே செஃப்..."

அந்தத் தொட்டியிலிருந்த செடி பிளாஸ்டிக். மண் மட்டும் அசல். 'தோட்டத்திலிருந்து தட்டுக்கு' என்று வாசலில் பலகை மாட்டியிருந்த ஒரு மனிதனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. ஆனால் அவன் அவமானப்படுவதை விட்டுவிட்டு, அந்தக் கன்னத்துச் சேற்றைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான். சொல்லவில்லை. முட்டாள்தனத்தின் ஆரம்பம் எப்போதும் இப்படிச் சின்னதாகத்தான் இருக்கும்.

உள்ளே அவள் வேலை செய்வதை வேடிக்கை பார்த்தான். அவனுடைய பீட்ரூட் சூப் ஆறி அவலாகிப் போயிருந்தது. அவள் ஒரு பஞ்சு உருண்டையைத் தண்ணீரில் நனைத்தாள், மைக்ரோவேவில் சூடாக்கினாள், இடுக்கியால் எடுத்துக் கிண்ணத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். ஆவி பறந்தது. சூப் இப்போதுதான் அடுப்பிலிருந்து இறங்கியதுபோல் ஜம்மென்று நின்றது.

"பஞ்சு... கொஞ்சம் இடப்பக்கம்!" என்றார் புகைப்படக்காரர்.

"உங்க பேரே பஞ்சா?"

"இந்தாளு வெச்சது. பேரு மட்டும்தான் பஞ்சு. கை பட்டா சுடும்."

எல்லாம் முடிந்து, சாமான்கள் பெட்டிக்குள் போன பிறகுதான் அந்தச் சங்கதி நடந்தது. அவள் தனியாகப் பின்புறம் போனாள். ஒரு கேரட்டை எடுத்தாள். தானே பூசிய சேற்றைக் குழாயில் கழுவினாள். கடித்தாள். கண்கள் மூடின... மழைச் சத்தத்தையும் மீறி அந்த 'கடுக்' கேட்டதுபோல் கதவுக் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்றவனுக்குத் தோன்றியது.

"அதிசயம்தான்," என்றார் அவன் தோளுக்குப் பின்னால் நின்ற புகைப்படக்காரர். "படத்துக்கு வெச்சதைப் பஞ்சு தொடவே மாட்டா. என்னென்ன பூசியிருக்குன்னு அவளுக்குத்தான தெரியும்?"

செஃப் கண்ணாடியை விட்டு நகரவில்லை. அவனுக்குள் பட்டாம்பூச்சி ஏதும் பறக்கவில்லை. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாததால் வயிறு மட்டும் இரைந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத வயதை அவன் தாண்டியிருந்தான் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தான்.

*

பத்திரிகை வெளிவந்தது. நடுப்பக்கம் முழுக்கச் சேற்றுக் கேரட். தலைப்பு: 'மண்ணோடு பேசும் மனிதர்'.

மண் எந்தத் தொட்டியிலிருந்து வந்தது என்று பத்திரிகைக்குத் தெரியாது. தெரிந்தாலும் தலைப்பை மாற்றியிருக்கமாட்டார்கள்.

அதன்பிறகு உணவகத்தின் தொலைபேசி ஓயவில்லை. வானொலி கூப்பிட்டது. தொலைக்காட்சி கூப்பிட்டது. கல்லூரி ஒன்று மாணவர்களுக்கு அறிவுரை சொல்லக் கூப்பிட்டது. முதல் பேட்டியில் அவன், "நல்ல காய் கிடைச்சா சமைக்கிறது சுலபம்ங்க" என்றான். யாரும் அதை எழுதவில்லை. இரண்டாவது பேட்டியில் உஷாராகிவிட்டான்.

"நான் சமைக்கிறதில்ல. மண்ணு சமைக்குது. நான் அதுக்கு ஒரு கை... அவ்வளவுதான்."

எல்லோரும் எழுதினார்கள்.

அன்று சாயங்காலமே அக்கா போன் செய்தாள். ஊருக்கு வெளியே நிலத்தில் இறங்கி, அவன் உணவகத்துக்கு வரும் அத்தனை காயையும் விளைவிப்பவள் அவள்தான். தொலைக்காட்சிக்காரர்கள் தோட்டத்துக்கு வந்தபோது, ரப்பர் பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்தால் இன்னும் விவசாயி மாதிரி இருக்கும் என்று அவளிடம் சொல்லிப் பார்த்தார்கள். முள் குத்தினால் யார் எடுப்பது என்று கேட்டு அனுப்பிவிட்டாள்.

"டேய், மண்ணே சமைக்குதாமே?"

"அக்கா... அது ஒரு பேச்சுக்கு..."

"அப்ப நாளைக்குக் களை எடுக்கவும் அதையே வரச்சொல்லு. உங்க மாமாவுக்கு இடுப்புவலி."

புகழ் வரும்போது கூடவே அடிக்கடி சேறு பூசியவளும் வந்தாள். ஒவ்வொரு படப்பிடிப்புக்கும் அந்தப் பெட்டி. கிளிசரின், மெழுகு, தூரிகை, இடுக்கி, பஞ்சு. தக்காளிமேல் அவள் தெளித்த கிளிசரின் துளிகள் நிஜப் பனித்துளிகளைவிட நேரம் தவறாமல் இருந்தன. அவனுக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. அப்புறம் பழகிப்போனது. அதற்கும் அப்புறம், அவள் வராத நாளில் தக்காளி கொஞ்சம் மொட்டையாகத் தெரிந்தது.

ஒருநாள் படம் எடுத்து முடித்ததும், சமையலறைக் கடைசி மேடையில் அவள்முன் ஒரு கிண்ணம் சூப்பை வைத்தான்.

அவள் சந்தேகமாகக் குனிந்து முகர்ந்தாள். சுகாதார அதிகாரி தோற்றார்.

"இதுல என்ன போட்டிருக்கீங்க?"

"பீட்ரூட்டு."

"வேற?"

"உப்பு."

"மினுமினுன்னு இருக்கே..."

"வெண்ணெய்ங்க! உங்கள மாதிரி கிளிசரின் ஊத்தற ஆளா நான்?"

அவள் சிரித்தாள். பிறகு கிண்ணத்தைச் சுட்டிக்காட்டினாள். "கரண்டி வெக்கல."

"எடுத்துக்கலாமே?"

"எங்க வேலையில அது ஒரு வழக்கம் செஃப். படத்துக்கு வெச்ச கிண்ணத்துல கரண்டி வெக்கமாட்டோம். கரண்டி இருந்தா சாப்பிடறதுக்கு. இல்லைன்னா பாக்கறதுக்கு... தொடக்கூடாது. ஒரு தடவ லைட் பிடிக்கிற ஆளு ஒருத்தர் மெழுகு பூசின கேக்க எடுத்துச் சாப்பிட்டுட்டாரு."

"ஐயையோ. என்னாச்சு?"

"என்ன ஆகும்? நல்லாயிருக்குன்னாரு."

அவன் ஒரு கரண்டியைத் துடைத்துக் கிண்ணத்தில் வைத்தான். அவள் சாப்பிட்டாள். கிண்ணத்தின் ஓரத்தை ரொட்டித்துண்டால் வழித்தாள். அவனைப்பற்றி வந்த எல்லாக் கட்டுரைகளையும்விட அது நல்ல விமர்சனமாக இருந்தது.

அன்றிலிருந்து அது வாடிக்கையாயிற்று. கேமராவுக்கு ஒரு கிண்ணம். அவளுக்கு ஒரு கிண்ணம், கரண்டியோடு. இதற்குப் பெயர் என்ன என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த உதவியாளர்களுக்குப் பெயர் தெரிந்திருந்தது. அவர்கள் கண்ணீரோடு சிரித்துக்கொண்டார்கள்.

*

பிறகு அந்தத் தொலைக்காட்சிப் பேட்டி.

உணவகத்துக்குள்ளேயே விளக்குகள் போட்டிருந்தார்கள். அவன் முன்னால் மேசையில் சூப். மேசைக்கு அடியில், கேமராவுக்குத் தெரியாமல் குந்தியபடி அவள், இடுக்கியில் சூடான பஞ்சோடு. கையை மட்டும் மேலே நீட்டி, கிண்ணத்தின் மறைவில் அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆவி அழகாக அவன் முகத்தை நோக்கி எழுந்தது.

"இப்போல்லாம் சாப்பாட்டையே மேக்கப் போட்டுப் படம் எடுக்கறாங்களாமே?" என்று கேட்டார் பேட்டிக்காரர். "உங்க கிண்ணம், தட்டெல்லாம் எப்படி இவ்வளவு அழகா இருக்கு?"

எளிய கேள்வி. எளிய பதிலும் இருந்தது. அது அவன் முழங்காலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தது. ஆனால் விளக்கு வெளிச்சத்துக்கு ஒரு குணம் உண்டு. அதில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தன்னைத் தவிர வேறு யாரும் தெரியாது.

"என் தட்டை வேற யாரையும் தொட விடமாட்டேன்," என்றான், குரலைக் கொஞ்சம் தாழ்த்தி. "அலங்காரங்கிறது ஏமாத்து வேலைங்க. அழகு மண்ணுலேர்ந்து வரணும்..."

ஆவி நின்றது.

சட்டென்று. யாரோ விசிறியை நிறுத்தியதுபோல. சூப் ஒரு சிவப்புக் குட்டையாய் அப்படியே கிடந்தது. அவன் கீழே பார்த்தபோது அவள் அங்கே இல்லை. தரையில் நனைந்த பஞ்சு மட்டும் இருந்தது. பெட்டியைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போயிருந்தாள்.

மறுநாள் போன் செய்தான். எடுத்தாள்.

"சொல்லுங்க சார்."

செஃப், சாராகிவிட்டான். திட்டியிருந்தால் தேவலை.

"இல்ல... நேத்து... உங்க பெட்டி இங்கயே..."

"அடுத்த வாரம் உணவு விழா இருக்கில்ல சார்? உங்க ஸ்டாலுக்கு என்னைத்தான் போட்டிருக்காங்க. ஒத்துக்கிட்ட வேலை, செஞ்சு குடுத்துடறேன். வேற பெட்டி இருக்கு. வெச்சிடவா சார்?"

மன்னிப்புக் கேட்க நாலு வார்த்தை போதும். மண்ணோடு பேசுகிறவனுக்கு மனுஷியோடு பேச வரவில்லை. 'டிவியில எல்லாரும்தான் இப்படிச் சொல்றாங்க... இதுக்குப்போய்...' என்று தனக்குள்ளேயே வாதாடி, தானே நீதிபதியாக இருந்து, தன்னையே விடுதலை செய்தான்.

அக்கா அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. காய் இறக்க வந்தவள், மூலையில் கிடந்த பெட்டியைப் பார்த்தாள், விஷயத்தைக் கறந்தாள்.

"நான் விளைவிக்கறேன். அவ கண்ணுக்கு லட்சணமா வெக்கறா. நடுவுல நீ வேக வெக்கற. வேக வெச்சவன் மட்டும் மைக்கப் பிடிச்சா எப்படிடா?"

"அக்கா, உனக்கு இதெல்லாம் புரியாது..."

"புரியுது, புரியுது. பொண்ணு புடிச்சிருக்கு, புகழும் புடிச்சிருக்கு. ரெண்டுல எது திரும்பிப் பாக்காமப் போகும்னு யோசிச்சுக்கோ."

*

உணவு விழா ஒரு பெரிய கண்காட்சிக் கூடத்தில் நடந்தது. இயற்கையைப் போற்றும் விழா என்பதால் கூரையிலிருந்து ஏராளமான காகித இலைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். சிறந்த உணவுக்குப் பரிசு: வாராவாரம் தொலைக்காட்சியில் சொந்த நிகழ்ச்சி. செஃப் அதை விரும்பினான். மறைப்பதற்கென்ன, ரொம்பவே விரும்பினான். கண்ணாடி முன்னால் நின்று "வணக்கம் நேயர்களே" கூடச் சொல்லிப் பார்த்திருந்தான்.

அவன் ஸ்டால் முகப்பில், விளக்குக்கு அடியில், பார்வைக்கு ஒரு கிண்ணம். ருசிபார்க்கும் கிண்ணங்கள் பின்னால் சூடாகத் தயார். சூப்மேல் வைக்கும் பாலாடை சூட்டு விளக்கின்கீழ் நிற்காது, உருகி வழியும். அதனால் பார்வைக் கிண்ணத்தின் சூப்மேல் அவள் ஷேவிங் க்ரீமைச் சுருட்டி வைத்திருந்தாள். வெள்ளைப் பூப்போல், அசையாமல், வெட்கமே இல்லாத அழகோடு அது நின்றது. கரண்டி வைக்கவில்லை.

காலையிலிருந்து அவள் அவனிடம் பேசிய மொத்தம் இவ்வளவுதான்: "கொஞ்சம் நகருங்க சார்."

தலைமை நடுவர் வந்தார். 'சுவைச் சக்கரவர்த்தி' என்று தன் விசிட்டிங் கார்டில் தானே அச்சடித்துக்கொண்டவர். சக்கரவர்த்திக்கு ஒரு பழக்கம்... ஊரார் கரண்டியில் வாய் வைக்கமாட்டார். கோட்டுப் பையில் வெள்ளிக் கரண்டி ஒன்றைப் பட்டுத்துணியில் சுற்றி வைத்திருப்பார். செஃப் பின்னால் திரும்பிக் கிண்ணம் எடுப்பதற்குள், கேமராக்கள் சூழ, பட்டுத்துணி பிரிந்தது. வெள்ளிக் கரண்டி விளக்கொளியில் மின்னி, வெள்ளைப் பூவில் இறங்கியது.

"சார், வேண்டாம்—" என்றாள் அவள்.

கரண்டி வாய்க்குள் போய்விட்டது.

கூடம் காத்திருந்தது. சக்கரவர்த்தி கண்களை மூடினார். எல்லோருக்கும் முன்னால் மூடிய கண்களை அவ்வளவு சீக்கிரம் திறக்க முடியாது.

"ஆஹா..." என்றார். "முதலில் ஒரு மௌனம். பிறகு ஒரு விடியல். நாக்கின் ஓரத்தில்... குளித்துவிட்டு வந்த காற்று!"

கைதட்டல். அவர் இரண்டாவது கரண்டி எடுத்தார். துணிச்சல்காரர்.

"இந்தப் பாலாடை! என் வாழ்நாளில் இப்படி ஒன்றைச் சுவைத்ததில்லை. சொல்லுங்கள் தம்பி... இந்தப் பசு எந்தப் புல்லை மேய்ந்தது?"

மைக் செஃபின் முகத்துக்கு வந்தது. விழா அமைப்பாளர் அவன் காதருகே குனிந்தார். "சிரிங்க. ஏதாவது ஒரு புல்லுப் பேரைச் சொல்லுங்க. பரிசு உங்களுக்குத்தான்."

அவன் அவளைப் பார்த்தான். அந்தப் பெரிய கண்களில் இப்போது மழைத்துளி இல்லை. பயம் இருந்தது. நடுவரின் வாய்க்குள் சோப்பு போட்டவள் என்று பெயர் வாங்கினால், அதன்பிறகு எந்தச் சமையலறையும் அவளைக் கதவுக்குள் விடாது. அது தெரிந்தும் அவள் ஒரு அடி முன்னால் வைத்தாள்... "சார், தப்பு என்னோட—"

அவன் மைக்கைப் பிடித்துவிட்டான்.

"சார்... அது பசு இல்ல."

"எருமையா!"

"இல்ல சார். ஷேவிங் க்ரீம்."

அவ்வளவு பெரிய கூடத்தில் காகித இலைகள் உரசும் சத்தம் கேட்டது.

"அந்தக் கிண்ணம் பாக்கறதுக்கு வெச்சது. அதனாலதான் கரண்டி இல்ல. கரண்டியோட ஒருத்தர் வருவாருன்னு அவங்க எதிர்பாக்கல... யாருதான் எதிர்பாப்பாங்க? உங்களையே ஏமாத்தற அளவுக்கு அழகா இருக்குன்னா, அது அவங்க கை. பத்திரிகைல நீங்க பாத்த ஒவ்வொரு படமும் அவங்க கைதான். காயெல்லாம் எங்க அக்கா. என் தட்டை யாரையும் தொட விடமாட்டேன்னு டிவியில சொன்னேன் பாருங்க... அது பொய். அதச் சொன்னப்ப அவங்க மேசைக்கு அடியில குந்திக்கிட்டு, என் சூப்புக்கு ஆவி காட்டிட்டிருந்தாங்க."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். சக்கரவர்த்தி அவசரமாகத் தண்ணீர் குடித்தார். அது நிலைமையை மேலும் நுரைக்க வைத்தது.

"நான் மௌனம் என்று சொன்னேனே," என்றார் வாயைத் துடைத்தபடி, "இதைத்தான் சொன்னேன்."

பரிசு பக்கத்து ஸ்டாலுக்குப் போனது. அவர்கள் சூப்பில் கரண்டியும் இருந்தது, பாலாடையும் இருந்தது. ருசியைப்பற்றி யாரும் விசாரிக்கவில்லை.

*

மறுநாள் சாயங்காலம் மழை. அதே தகரக் கூரை. பரிசு கிடைக்காத மனிதன் குழாயடியில் உட்கார்ந்து கேரட் கழுவிக்கொண்டிருந்தான்.

"பெட்டிய எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்... சார்."

அவன் திரும்பினான். நனைந்திருந்தாள்.

"இன்னும் சாரா?"

"கோவம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு. தீந்ததும் நிறுத்திடறேன்."

"தப்புதாங்க. அன்னிக்கே போன்ல சொல்லியிருக்கணும். வாய் வரல."

"மைக்கு இருந்தாதான் வரும்போல?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். காது நுனி பீட்ரூட் நிறத்துக்குப் போனது.

"டிவி நிகழ்ச்சி போயிடுச்சே..." என்றாள், குரல் கொஞ்சம் இறங்கி.

"போகட்டும். வாராவாரம் மண்ணு எங்கிட்ட பேசுதுன்னு சொல்லணும். ஒருநாள் நிஜமாவே பேசி மானத்த வாங்கிடுமோன்னு பயமா இருந்துச்சு."

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, தோற்று, அவள் மேடைப்பக்கம் திரும்பினாள். அங்கே ஒரு கிண்ணம். ஆவி எழுந்துகொண்டிருந்தது. தொழில் புத்தி... அவள் எட்டி, கிண்ணத்துக்குப் பின்னால் பார்த்தாள்.

பஞ்சு இல்லை.

"உங்களுக்குத்தான். பெட்டி இங்க இருக்கு, எப்படியும் வருவீங்கன்னு... நாலு தடவ சூடு பண்ணிட்டேன்."

"கரண்டி வெக்கலையே?"

அது அவன் கையில் இருந்தது. நனைந்த விரல்களில் இறுக்கிப் பிடித்திருந்தான்.

"வெக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தடங்கலின்றிப் பேசியவன், மழையைப் பார்த்தான். கேரட்டைப் பார்த்தான். இரண்டும் கைகொடுக்கவில்லை.

"எனக்கு... உங்கள..."

"ம்?"

"...ரொம்பப் புடிச்சிருக்கு. முதல் நாள்லேர்ந்து. கன்னத்துல சேறு ஒட்டியிருந்தப்பவே."

"அன்னிக்கு என் கன்னத்துல சேறு இருந்துச்சா? சொல்லவே இல்ல!"

"அழகா இருந்துச்சு... அதான்."

கூரையிலிருந்து தண்ணீர் சரமாக இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு, அந்தப் பெரிய கண்கள் அவனை நேராகப் பார்த்தன.

"இப்ப சொன்னீங்களே... அது பாக்கறதுக்கு வெச்சதா?"

கரண்டியைச் சட்டையில் துடைத்தான். கிண்ணத்தில் வைத்தான்.

அவள் ஒரு வாய் சாப்பிட்டாள். இன்னொரு வாய். அப்புறம் கிண்ணத்தைப் பார்த்தபடியே சொன்னாள்...

"அன்னிக்கு நான் தின்ன கேரட்டுல சேறு சரியாப் போகல. பூந்தொட்டி மண்ணு பல்லுல கரகரன்னுச்சு. அந்தக் கதவுக் கண்ணாடிக்குப் பின்னாடி நீங்க நின்னுட்டிருந்தீங்க. துப்பினா உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு முழுங்கிட்டேன்... செஃப்."